திரும்பி வந்ததற்குக் கூலி

அஸர் தொழுகை முடிந்து, மாலைப் பாடத்திற்குரிய பிள்ளைகள் இன்னும் வந்து சேராத நேரம். முன்னொரு காலத்தில் நம்மிடம் ஓதிய ஒருவர், கையில் ஒரு துணிப்பையுடன் வந்து ஸலாம் உரைத்து அமர்ந்தார். வட சென்னையில் சிறு கடை ஒன்று வைத்துப் பிழைப்பவர். வயது நாற்பதை நெருங்கும். நலம் விசாரித்த பின்னும் அவர் பேச்சைத் தொடங்கவில்லை. பையின் வாயை மெல்ல அவிழ்த்தார். உள்ளே ஒரு புறா இருந்தது. நீலச் சாம்பல் நிறம். கழுத்தில் பச்சையும் ஊதாவும் கலந்த மினுக்கு. வலச் சிறகு தொய்ந்து தொங்கிற்று. மார்பு இறகுகளில் குருதி காய்ந்து கருத்திருந்தது.

"ஹஜ்ரத், இதை அறுத்துச் சாப்பிடலாமா?" என்று கேட்டார்.

"புறா ஹலாலான பறவைதானே தம்பி! உயிர் இருக்கும்போது முறைப்படி அறுத்தால் உண்ணலாம். இதில் ஐயம் என்ன?" என்றோம்.

"அது எனக்கும் தெரியும் ஹஜ்ரத். இது பந்தயப் புறா. விஜயவாடாவிலிருந்து விட்டோம். மற்றவை அன்று மாலைக்குள் வந்துவிட்டன. இது மூன்றாம் நாள் வந்தது. வல்லூறு அடித்ததோ, கம்பியில் மோதியதோ, அல்லாஹ்தான் அறிவான். இனி இது பறக்காது. 'இதற்கு எதற்குத் தீனி? அறுத்துக் குழம்பு வை' என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். கத்தியை எடுத்தேன்; கை வரவில்லை. ஹலாலைச் செய்யக் கை வராதது என் மனத்தின் பலவீனமா, இல்லை வேறு ஏதாவதா என்று கேட்கத்தான் வந்தேன்."

நாற்பது ஆண்டுகளை நெருங்கும் கிதாபுப் படிப்பும் போதனையும் உடைய நமக்கு, இந்த எளிய கேள்விக்கு உடனே விடை கூற இயலவில்லை. "பறவையை வீட்டுக்குக் கொண்டு போங்கள், இரண்டு நாள் பொறுங்கள், நாமே வந்து பார்க்கிறோம்" என்று சொல்லி அனுப்பினோம். அந்த இரண்டு நாள்களில் எண்ணியவற்றையும், பின்னர் அவர் வீட்டு மாடியில் கண்டவற்றையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். கேள்வி ஒரு புறாவைப் பற்றியதே எனினும், விடை புறாவோடு நின்றுவிடுவதாக நமக்குத் தோன்றவில்லை.

மாடியில் கண்ட பேணுதல்

குறித்த நாளில் சென்றோம். மொட்டை மாடியில் மரச்சட்டமும் கம்பிவலையும் கொண்டு அமைத்த கூண்டு. காலை வெயில் உள்ளே விழும்படி கிழக்குப் பார்த்திருந்தது. உள்ளே நுழைந்ததும் நாம் எதிர்பார்த்த துர்நாற்றம் இல்லை. "ஈரம்தான் ஹஜ்ரத் புறாவுக்கு முதல் பகை. தரை உலர்ந்திருக்க வேண்டும். காற்று வர வேண்டும். ஆனால் தூங்கும் பறவைமேல் நேரே அடிக்கக் கூடாது. இடத்துக்கு மிஞ்சிப் பறவை அடைத்தால் எந்த மருந்தும் உதவாது" என்றார்.

தண்ணீர்க் கலத்தை நாள்தோறும் தேய்த்துக் கழுவுகிறார். தொண்டையில் மஞ்சள் கட்டியாகப் படியும் நோய் ஒன்று உண்டாம். ஒரே கலத்தில் பல பறவைகள் நீர் அருந்துவதாலும், தாய் தந்தை குஞ்சுக்கு இரை கக்கி ஊட்டுவதாலும் அது பரவுகிறதாம். கழுத்து முறுக்கிக்கொண்டு பறவை சுழன்று விழும் நோய்க்கு முன்கூட்டியே தடுப்பூசி போடுகிறார். கோழிகளின் இராணிக்கெட்டு நோய்க்கு உறவானது அது. கண்ணிமையிலும் அலகோரத்திலும் கொப்புளம் எழுப்பும் அம்மையைக் கொசு கொண்டுவரும் என்பதால், மழை நாள்களில் கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டுகிறார்.

விடிந்ததும் அவர் முதலில் பார்ப்பது பறவையை அன்று, அதன் எச்சத்தை. உருண்டு இறுகி, மேலே வெண்மை படிந்திருந்தால் நலம். நீர்த்துப் பச்சையாக இருந்தால் நோய். அதன் பின்னரே பறவையைக் கையில் எடுக்கிறார். மூக்கின்மேல் உள்ள தசை சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, மார்பிறகை விலக்கினால் தசை இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று நோக்குகிறார். தீனியில் மக்காச்சோளம், கம்பு, கோதுமை, பட்டாணி, பச்சைப் பயறு ஆகியவை கலந்திருந்தன. ஒரு பறவைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம். நெடுந்தூரப் பறத்தலுக்கு எரிபொருளாவது கொழுப்பு என்பதால், பயணத்திற்கு முந்திய நாள்களில் நிலக்கடலை சேர்கிறது. திரும்பி வந்த அன்று எளிதில் செரிக்கும் தீனியும் உப்புச் சத்துக் கரைத்த நீரும் தருகிறார். கிளிஞ்சல் தூளும் கரித்தூளும் கலந்த மணல் எப்போதும் ஒரு தட்டில் இருக்கிறது. வாரத்திற்கு ஒரு நாளேனும் குளிக்க அகன்ற தொட்டி வைக்கிறார். ஒவ்வொரு சிறகிலும் உள்ள பத்துப் பெருஞ்சிறகுகள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்து முளைக்கும் மாதங்களில் எந்தப் பறவையையும் அவர் பந்தயத்திற்கு அனுப்புவதில்லை.

பயிற்சியும் படிப்படியானது. முதலில் மாடியைச் சுற்றிப் பறத்தல். பின்னர்க் கூடையில் வைத்து வடக்கே சில கல் தொலைவு. அடுத்துக் கும்மிடிப்பூண்டி, நெல்லூர், ஓங்கோல். அதன் பின்னரே நேர்க்கோட்டில் சுமார் 380 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விஜயவாடா. பெரும் பந்தயங்கள் நாகபுரிக்கும் போபாலுக்கும் அப்பாலிருந்தும் நடைபெறுகின்றன. விடும் இடத்திலிருந்து ஒவ்வொருவர் வீட்டுக்கும் தொலைவு வேறு வேறு. ஆதலால், முதலில் வந்தது எது என்று பார்ப்பதில்லை. தொலைவை நேரத்தால் வகுத்து, நிமிடத்திற்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிட்டே வெற்றியைத் தீர்மானிக்கிறார்கள். முன்னாளில் காலிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரப் பெட்டியில் இட்டார்கள். இப்போது மின்னணு வளையம் தானே நேரத்தைப் பதிந்துகொள்கிறது.

இவ்வளவையும் கேட்டபோது நமக்கு வெட்கமே வந்தது. ஒவ்வொரு காலையும் ஒவ்வோர் உயிரையும் கையில் எடுத்து, கண்ணைப் பார்த்து, மார்பைத் தடவி, "இது இன்று நலமா?" என்று கேட்கும் ஒருவரை நாம் எத்தனை வீடுகளில், எத்தனை வகுப்பறைகளில் கண்டிருக்கிறோம்?

ஆயத்தம் செய்தல் குற்றமா?

போட்டிக்கு ஓர் உயிரை ஆயத்தம் செய்வதே தவறு என்று சிலர் கூறக்கூடும். மார்க்க நூல்கள் அப்படிக் கூறவில்லை. குதிரைகளைப் பந்தயத்திற்குப் பக்குவப்படுத்துவதற்கு அரபியில் 'தள்மீர்' என்று பெயர். முதலில் நன்கு தீனி கொடுத்துக் கொழுக்க வைத்து, பின்பு தீனியைச் சிறுகச் சிறுகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்கச் செய்து, உடலை இறுக்குவது அம்முறை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தியை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பக்குவப்படுத்தப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஉ வரை ஐந்தாறு மைல் தொலைவு. பக்குவப்படுத்தப்படாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளி வரை ஏறத்தாழ ஒரு மைல் மட்டுமே.

இதனை நாம் மாணவர்களுக்குப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். தொலைவுகள் இரண்டாக இருந்ததன் கருத்தை அந்த மாடியில் நின்றபோதுதான் உணர்ந்தோம். ஆயத்தமில்லாத குதிரையின்மேல் ஆயத்தமான குதிரையின் சுமை ஏற்றப்படவில்லை. போட்டி இருந்தது, அதற்குள் நீதியும் இருந்தது. உயிரின் தாங்குதிறன் எவ்வளவோ, அவ்வளவே அதனிடம் கேட்கப்பட்டது.

பறவைப் பந்தயத்தைப் பொறுத்தவரை ஃபிக்ஹு நூல்களின் நிலை தெளிவானது. பரிசுப் பொருள் வைத்து நடத்தும் போட்டியை ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய மூன்றோடு சேர்த்து ஹதீஸ் குறிப்பிடுகிறது. பறவைக்குப் பரிசு கட்டுவது செல்லாது என்பதையே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில் வலுவான கருத்தாகக் காட்டுகிறார்கள். முட்டைக்காகவும் குஞ்சுக்காகவும், தனிமைக்குத் துணையாகவும், கடிதம் கொண்டு செல்லவும் புறா வளர்ப்பதில் தடையில்லை. சூதாட்டம் சேர்ந்தால் அது ஹராம். இதை அந்தச் சகோதரரிடம் மறைக்காமல் சொன்னோம். தாம் பணம் கட்டி ஆடுவதில்லை என்றும், தமக்கு வேண்டியது பறவை வானில் புள்ளியாகத் தோன்றும் அந்த ஒரு நொடியே என்றும் அவர் சொன்னார்.

நலமும் வெற்றியும் பிரியும் இடம்

இப்போது நம் கேள்வியின் உள்ளே வருவோம். ஒரு பறவையை நலமாக வைத்திருப்பதும், வெற்றிக்குரிய நிலையில் வைத்திருப்பதும் ஒன்றா? நெடுந்தொலைவு வரை அவை இரண்டும் ஒரே பாதைதான். அழுக்குக் கூண்டிலிருந்து எந்தப் புறாவும் வென்றதில்லை. ஆனால் ஓரிடத்தில் அப்பாதை இரண்டாகப் பிரிகிறது.

பந்தயக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. ஐரோப்பாவில் பெயர் பெற்றது. நம் நாட்டிலும் பின்பற்றப்படுகிறது. ஆண் புறாவை அதன் இணையிடமிருந்து பிரித்து வைப்பார்கள். பந்தயத்திற்கு அனுப்புமுன் சிறிது நேரம் மட்டும் இணையைக் காட்டி, உடனே கூடையில் அடைத்து அனுப்பிவிடுவார்கள். இணையைக் காணும் தவிப்பில் அது விரைந்து பறந்து வரும். சிலர் புறப்படும் வேளையில் வேறோர் ஆணை அதன் கூட்டுக்குள் விட்டுப் பொறாமையையும் மூட்டுவார்கள். பெண் புறாவானால், அடைகாக்கும் நாள் முதிர்ந்த வேளையிலோ, குஞ்சு பொரித்த சில நாளிலோ அனுப்புவார்கள். புறாக்களில் தாயும் தந்தையும் ஆகிய இரண்டுமே தொண்டைப்பையில் சுரக்கும் ஒருவகைப் பாலைக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. அந்தப் பாசமே சிறகுக்குச் சாட்டையாகிறது.

எண்ணிப் பாருங்கள். பந்தயம் என்று ஒன்று நடப்பது புறாவுக்குத் தெரியாது. கோப்பையும் பட்டியலும் அதற்கு இல்லை. அது வீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான். வென்றவர் என்று பெயர் பெறுவது மனிதர். நாம் போட்டி என்று அழைப்பதைப் பறவை இல்லறம் என்றே அறிந்திருக்கிறது. அக்பர் பாதுஷா இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட புறாக்களை வைத்திருந்ததாகவும், புறா விடும் கலைக்கு 'இஷ்க்பாஸி', அதாவது காதல் விளையாட்டு என்று பெயரிட்டதாகவும் அபுல் ஃபஸ்ல் எழுதியிருக்கிறார். பெயர் அழகியது. அந்த விளையாட்டில் காதல் பறவையினுடையது, விளையாட்டு மனிதனுடையது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

பணம் புகுந்த பின் பாதை இன்னும் விலகுகிறது. ஹிஜ்ரி 255-இல் மறைந்த ஜாஹிழ், தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் ஐந்நூறு தீனாருக்கு விலைபோன புறாவைப் பற்றிப் பேசுகிறார். 2020-ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் இரண்டு வயதுப் பெண் புறா ஒன்று பதினாறு இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. அதே பெல்ஜியத்துப் புறாக்கள் சிலவற்றிடமிருந்து எடுத்த மாதிரிகளைத் தென்னாப்பிரிக்காவில் சோதித்தபோது, வலி நீக்கும் மருந்தும், ஒன்றில் கொக்கெய்ன் எனும் போதைப்பொருளும் இருந்தமை 2013-இல் வெளிப்பட்டது. சீனத்தில் 2017-இல் இருவர், ஷாங்க்யூ நகரில் விடப்பட்ட தம் புறாக்களைப் பால் அட்டைப்பெட்டிகளில் ஒளித்து, அதிவேக இரயிலில் ஷாங்காய்க்குக் கொண்டுவந்து, வெற்றி பெற்றதாகக் காட்டினர். குட்டு வெளிப்பட்டதும் சாட்சியத்தை அழிக்க அந்தப் பறவைகளையே கொன்றனர். 2018-இல் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது.

ஹதீஸ் கலை பயில்வோர் அனைவரும் அறிந்த ஒரு பழைய நிகழ்ச்சி இங்கு நினைவுக்கு வருகிறது. கலீஃபா மஹ்தீ புறாப் பிரியர். அவரைக் காண வந்த கியாஸ் பின் இப்ராஹீம் என்பவர், முன்னே நாம் சொன்ன பந்தய ஹதீஸைக் கூறுகையில் 'சிறகு' என்ற ஒரு சொல்லைத் தாமாகச் சேர்த்துவிட்டார். கலீஃபா பத்தாயிரம் திர்ஹம் கொடுத்தனுப்பினார். அவர் முதுகைத் திருப்பியதும், அது பொய்யரின் பிடரி என்று சொல்லி, அப்பொய்க்குக் காரணமானவை என்று தம் புறாக்களை அறுக்கும்படி ஆணையிட்டார். இதனை இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸுக்கு எடுத்துக்காட்டாகவே ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். இம்முறை மட்டும் வேறொன்று தோன்றியது. பொய் சொன்னவருக்குப் பணம் கிடைத்தது. பணம் கொடுத்தவருக்குப் பேர் நிலைத்தது. கழுத்தைக் கொடுத்தவை ஒன்றும் அறியாத புறாக்கள். ஷாங்காயிலும் அதுவே நடந்தது. மனிதனின் பெருமைக்கும் பொய்க்கும் நடுவே அகப்பட்ட உயிர், இரண்டிற்கும் விலை கொடுக்கிறது.

அள்பாவின் வழக்கு

சரி, அடிபட்டு வந்த புறாவின் கேள்விக்கு வருவோம். உண்ணத்தக்க பறவையை அறுப்பது பாவமன்று. நாமே புறாக்கறி உண்டவர்தாம். கறிக்கென வளர்த்த புறாவை அறுக்கையில் நம் கை நடுங்குவதில்லை. இங்கு மட்டும் ஏன் நடுங்க வேண்டும்?

விடை நாம் கற்பித்துவந்த கிதாபிலேயே இருந்தது. இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நிகழ்ச்சி அது. நபி (ஸல்) அவர்களின் ஒட்டகமான அள்பாவும், அன்ஸாரிப் பெண்மணி ஒருவரும் பகைவரிடம் சிக்கியிருந்தனர். ஓரிரவு அப்பெண்மணி கட்டை அவிழ்த்துக்கொண்டு ஒட்டகங்களிடம் சென்றார். நெருங்கிய ஒவ்வோர் ஒட்டகமும் கத்தியது; அள்பா மட்டும் கத்தவில்லை. அதன்மேல் ஏறித் தப்பினார். துரத்தியவர்களால் பிடிக்க இயலவில்லை. இதன்மேல் அல்லாஹ் தம்மைக் காப்பாற்றினால் இதனையே அறுத்துப் பலியிடுவதாக வழியில் நேர்ந்துகொண்டார். மதீனா வந்து சேர்ந்ததும் செய்தி அண்ணலாரின் செவிக்கு எட்டியது. தன்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்த ஒட்டகத்திற்கு அவர் எண்ணிய கைம்மாறு எவ்வளவு கெட்டது என்று அண்ணலார் வியந்தார்கள். பாவமான நேர்ச்சையையும், தனக்கு உரிமையில்லாத பொருளில் செய்த நேர்ச்சையையும் நிறைவேற்றலாகாது என்ற சட்டத்தை அதன் பிறகே கூறினார்கள்.

சட்டம் பின்னால் வந்தது. 'கெட்ட கைம்மாறு' என்ற சொல் முன்னால் வந்தது. ஒட்டகம் உண்ணத்தக்கதுதான். அறுப்பது ஆகுமானதுதான். எனினும் சுமந்து வந்த உயிருக்குக் கத்தியைக் கூலியாகக் கொடுப்பதில் ஓர் அழகின்மை இருக்கிறது. அந்த அழகின்மையைக் கண்டு கூசுவதற்கு ஒரு பெயர் வேண்டுமானால், 'ஹுஸ்னுல் அஹ்து' என்கலாம். ஏற்பட்ட உறவை அழகாகப் பேணுதல் என்பது பொருள்.

கறிப்புறாவுக்கும் இந்தப் புறாவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. குஞ்சாக இருந்தபோதே தகர டப்பாவில் தானியத்தைக் குலுக்கி, "இதோ உன் வீடு, இங்கே வந்தால் உணவும் காவலும் உண்டு" என்று இப்பறவைக்கு நாள்தோறும் வாக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வாக்கை நம்பித்தான் அது முறிந்த சிறகுடன் மூன்று நாள் அலைந்து வந்தது. வந்த இடத்திலேயே கத்தி காத்திருக்குமானால், பறவை சொல்லைக் காத்தது. மனிதன் காக்கவில்லை என்றாகிறது. அந்தச் சகோதரரின் கை நடுங்கியது பலவீனம் அன்று. கிதாபில் இருந்ததை அவருடைய கை அறிந்திருந்தது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு, அதையும் மறைக்கலாகாது. "தோற்றவற்றையும் முடமானவற்றையும் எல்லாம் வைத்துக்கொண்டால் கூண்டு நிரம்பும், நெருக்கத்தால் நோய் வரும், நல்லவையும் சாகும். பந்தயமே இல்லையேல் இவற்றை இவ்வளவு அக்கறையோடு வளர்ப்பவர் யார்?" என்பார்கள். இடநெருக்கடி உண்மையானது. ஆனால் அதன் தொடக்கம் கூண்டில் இல்லை, முட்டையில் இருக்கிறது. புறா இரண்டு முட்டையிட்டுப் பதினேழு பதினெட்டு நாள் அடைகாக்கும். காப்பாற்ற இயலாது என்று அறிந்தவர்கள், அந்த முட்டைகளை எடுத்துவிட்டுப் போலி முட்டைகளை வைப்பதை நாமே கண்டோம். பத்துப் பறவைகளுக்கு வாக்குக் கொடுத்து ஒன்பதை முறிப்பதைவிட, ஒன்றுக்கே வாக்குக் கொடுத்துக் காப்பது மேலானது. மேலும், பறக்க முடியாத புறா பயனற்றதும் அன்று. பிற புறாக்களின் முட்டையை அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் வளர்ப்புத் தாய் தந்தையாக அது விளங்கும்.

பயன் முடிந்த பின்னும் பேணுவது நடவாத காரியமும் அன்று. ஒடிசாக் காவல்துறை 1946-இல் புறாத் தபால் பிரிவைத் தொடங்கியது. வானொலியும் தொலைபேசியும் பெருகிய பின் அந்தத் தபால் பணி முடிவுற்றது. ஆயினும் புறாக்கள் கைவிடப்படவில்லை. கட்டாக்கில் அவை தொடர்ந்து பேணப்பட்டு வருகின்றன.

அள்பாவைப் பற்றி மற்றொரு செய்தியும் ஸஹீஹ் புகாரியில் உண்டு. அது எவராலும் முந்தப்படாத ஒட்டகம் என்று பெயர் பெற்றிருந்தது. ஒரு நாள் நாட்டுப்புற அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது பெரும் மனவருத்தமாயிற்று. உலகில் உயர்ந்த எதனையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ் தன்மீது விதித்துக்கொண்ட நியதி என்ற கருத்தை அண்ணலார் (ஸல்) அவர்களுக்கு எடுத்துரைத்தார்கள். தோற்ற ஒட்டகத்தின்மேல் ஒரு கடுஞ்சொல்லும் விழவில்லை. தோல்வியும் படைப்பின் ஒழுங்கில் ஒரு பங்கு என்று அறிந்தவரே போட்டியில் இறங்கத் தக்கவர் என்று நாம் எண்ணுகிறோம்.

நம் கூண்டு

இந்த விடையை எழுதி முடித்துவிட்டால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் இன்னொன்று மிஞ்சியிருக்கிறது. முதல் நாள் அந்தச் சகோதரர் எழுந்து சென்ற பின், அவர் யார் என்பதை இரவு படுக்கையில்தான் முழுமையாக நினைவுகூர்ந்தோம்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, அவர் நம்மிடம் குர்ஆன் மனனம் செய்ய வந்த சிறுவர். குரல் இனியது; மனனம் மெதுவானது. அவ்வாண்டு வெளியூரில் மனனப் போட்டி ஒன்று இருந்தது. நம் பிள்ளைகள் முதலிடம் பெற வேண்டுமென்ற வேட்கை நமக்கும் இருந்தது. நன்றாக ஓதுவோருக்குத் தனிப்பாடம் நடத்தினோம். இவர் மூன்றாம் ஜுஸ்உவிலேயே தடுமாறிக்கொண்டிருந்தார். "மொட்டை மாடியில் புறா விடுகிறான் ஹஜ்ரத்" என்று மற்றப் பிள்ளைகள் கோள் சொன்னார்கள். அவருடைய தந்தையை அழைத்து, "இவனுக்கு இது வராது, ஏதேனும் தொழிலில் சேர்த்துவிடுங்கள்" என்று கூறிவிட்டோம். ஒரு வாரம் கழித்து அச்சிறுவர் தாமாகவே வந்து வகுப்பின் வாசலில் நின்றார். "இன்னும் ஏன் வந்தாய்?" என்று கேட்டோம். திரும்பிப் போய்விட்டார். போட்டியில் நம் பிள்ளைகள் வென்றார்கள். எந்தப் பரிசு, யாருக்கு என்பது இப்போது நமக்கு நினைவில்லை. வாசலில் நின்ற முகம் மட்டும் அன்றிரவு திரும்பி வந்தது.

புறாவுக்கு வாக்குக் கொடுத்தவர் யாரோ, அவரே அதைக் காக்க வேண்டும் என்று நாம் மேலே எழுதினோம். "ஓத வா" என்று பிள்ளையை அழைத்தவர்கள் நாம். பக்குவமாகாத குதிரைக்கு ஒரு மைல்தான் என்ற ஹதீஸைப் பாடம் நடத்திக்கொண்டே, மெல்லக் கற்கும் பிள்ளைமேல் ஆறு மைலைச் சுமத்தியவர்களும் நாமே. நலத்தைப் பேணுகிறோம் என்று நம்பினோம்; வெற்றியைப் பேணினோம். இரண்டும் பிரியும் இடம் எது என்று கேட்டவர்களுக்கு இப்போது நம்மால் சொல்ல முடியும்: ஒருவன் தோற்றுத் திரும்பி வந்து வாசலில் நிற்கும் இடமே அது. அதுவரை எவருடைய அக்கறை எத்தகையது என்பதை எவராலும் அறிய இயலாது.

மாடியில் இதை அவரிடம் சொன்னோம். மன்னிப்பும் கேட்டோம். அவர் பதறிப்போய், "அப்படியெல்லாம் சொல்லாதீர்கள் ஹஜ்ரத். அன்று என் அத்தாவுக்கும் கடையில் ஆள் தேவைப்பட்டது" என்றார். சிறிது நேரம் புறாக்களின் ஒலி தவிர வேறு பேச்சில்லை. பிறகு, "மூன்றாம் ஜுஸ்உ வரை இப்போதும் மறக்கவில்லை. கூண்டு கழுவும்போது ஓதிக்கொள்வேன்" என்றார். ஓதச் சொன்னோம். ஓதினார். இரண்டிடத்தில் திருத்தினோம். இப்போது வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலையில் வந்து நான்காவது ஜுஸ்உவில் சில வரிகள் பாடம் கொடுத்துப் போகிறார். எத்தனை நாளில் முடியும் என்று நாம் கேட்பதில்லை.

அந்தப் புறா உயிரோடிருக்கிறது. சிறகு கோணலாகக் கூடிவிட்டது, இனிப் பறக்காது. வேறொரு இணையின் முட்டைகளை அடைகாத்து இரண்டு குஞ்சுகளை வளர்த்திருப்பதாகச் சென்ற வெள்ளியன்று சொன்னார்.

வாசகப் பெருமக்களே! நம் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் மதிப்பெண்ணுக்கென, பரிசுக்கென, ஊரார் மெச்சும் பெயருக்கென நாம் ஆயத்தம் செய்து அனுப்பும் உயிர்கள் பல. ஆயத்தம் செய்யுங்கள், அது குற்றமன்று. ஆனால் அனுப்புமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது மூன்றாம் நாள், அடிபட்டு, வெறுங்கையோடு வந்தால், நாம் எதை எடுத்துக்கொண்டு வாசலுக்குச் செல்வோம்? தானியத்தையா, கத்தியையா? நம்பி வருவோரை நன்கு வரவேற்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.